கொழும்புத் தமிழரும் கட்டுச்சோறும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஆராய்வோர் அரசாணைகளையும் கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் துருவி நோக்குவர். அச்சமுதாயத்தார் நாள்தோறும் உண்ட உணவும் அத்தகைய சான்றுகளுள் ஒன்றே. கட்டுச்சோறு தமிழருக்குப் புதியதன்று. திருப்பைஞ்ஞீலிக்கு வழிநடந்து இளைத்த திருநாவுக்கரசருக்கும், திருக்குருகாவூருக்கு எழுந்தருளிய சுந்தரருக்கும் இறைவன் பொதிசோறு அளித்தருளிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். ஆண்டு அது வழிப்போக்கரின் பசி தீர்த்த உணவு. பிற்காலத்தில் அஃது உத்தியோகத்தரின் அன்றாட உணவாயிற்று. இம்மாற்றம் கொழும்பில் நிகழ்ந்தவாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தியது. அதன்பின் வாணிபம் பெருக, துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் அடுத்துள்ள கொட்டாஞ்சேனை தொழிலாளரும் வணிகரும் நெருங்கி வாழும் பகுதியாயிற்று. அங்கு வாழ்ந்தோர்க்குத் தொழிலிடம் அண்மையில் இருந்தது. நண்பகலில் வீடு சென்று உண்டு மீள்வது பலர்க்கு இயல்வதாயிற்று. வெள்ளவத்தையின் நிலை வேறு. அது கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில் உள்ளது. 1877இல் மொறட்டுவை வரை நீண்ட கரையோரப் புகையிரதப் பாதை, தொலைவில் வாழ்ந்து நகரில் தொழில் செய்தலை எளிதாக்கியது. ஆயினும் நண்பகலில் வீடு திரும்புதலை அரிதாக்கியது. இத்தொலைவே கட்டுச்சோற்றை இன்றியமையாததாக்கியது எனலாம். பிறநாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பம்பாயில் வீட்டுணவைத் தூக்குகளில் ஏற்றி அலுவலகங்களுக்குச் சேர்ப்பிக்கும் தொழில் 1890ஆம் ஆண்டளவில் தோன்றியது. ஜப்பானியர் பெந்தோ எனப் பெயரிய உணவுப்பெட்டி, புகையிரதம் பரவியபின் நிலையங்கள்தோறும் விற்கப்படுவதாயிற்று.

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான புகையிரதப் பாதை 1905இல் நிறைவெய்தியது. ஆங்கிலக் கல்வி கற்று எழுதுவினைஞர் சேவையிற் புகுந்த இளைஞர் பலர் கொழும்பை அடைந்தனர். அவர்களிற் பலர் குடும்பத்தை ஊரில் விட்டு, சம்மரிகளிற் கூடி வாழ்ந்து, சமையற்காரன் ஒருவனைப் பொதுவில் அமர்த்தி உண்டனர். அக்காலத்தில் அவர்கட்கு வீட்டுக் கட்டுச்சோறென்பது, ஊர் சென்று மீளுங்கால் தாயோ மனைவியோ கட்டிக் கொடுத்த இரவுவண்டி உணவே. பின்னர்க் குடும்பங்களும் வெள்ளவத்தையிற் குடியேறியபோதே அது நாள்தோறும் கட்டப்படுவதாயிற்று.

அவ்வாறு கட்டுதலும் ஓர் அறிவே. கொழும்பின் வெப்பமும் ஈரமும் தேங்காய்ப்பாற் கறியை விரைவிற் புளிக்கச் செய்யும். ஆதலின் சொதியும் குழம்பும் விலக்கி, பிரட்டற்கறி, பொரியல், மோர்மிளகாய் முதலியவற்றைச் சேர்த்தனர். சோற்றை ஆறவிட்டு, அனலில் வாட்டிய வாழையிலையில் வைத்து, மேலே தாள் சுற்றி நூலாற் கட்டினர். வாட்டிய இலை கிழியாது வளையும். சோற்றுக்கு நறுமணமும் தரும். சைவ உணவினை மேற்கொண்டோர்க்கு இப்பொதி தம் ஒழுக்கத்தைக் காக்கும் துணையுமாயிற்று. இவற்றுக்கெல்லாம் விடியுமுன் அடுப்பு மூட்டியவர் இல்லத்துப் பெண்டிர். உத்தியோகத்தரின் சம்பளம் ஏடுகளிற் பதியப்பட்டது. அச்சம்பளம் மாதமுடிவு வரை போதுமாறு செய்த பெண்டிரின் உழைப்பு எவ்வேட்டிலும் பதியப்படவில்லை.

நாட்டின் அரசியலும் இப்பொதியைத் தீண்டாது விடவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டரிசியை அளந்து சமைக்கும் காலம் வந்தது. 1953இல் பங்கீட்டரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் நடந்த ஹர்த்தாலின் விளைவாகப் பிரதமர் டட்லி சேனநாயக்கா பின்னர்ப் பதவி துறந்தார். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம், அரசாங்க உத்தியோகத்தை நம்பிக் கொழும்பு வந்த தமிழர் குடும்பங்களின் அடித்தளத்தையே அசைத்தது. 1983 யூலை 25ஆம் நாள் திங்கட்கிழமை. அன்று காலை வழமைபோற் கட்டுச்சோற்றுடன் அலுவலகம் சென்றோர் பலருக்கு மாலையில் திரும்புவதற்கு வீடு இருக்கவில்லை. அன்னார் பாடசாலைகளிலும் கோயில்களிலும் புகலடைந்து, பிறர் அளித்த உணவுப்பொதிக்குக் கையேந்தி நின்றனர். பிறர்க்கு அன்னமிட்டு வாழ்ந்த குடும்பங்கள் எய்திய இந்நிலை, எரிந்த வீடுகளின் தொகையால் மட்டும் அளந்தறியத் தக்கதன்று.

பின்னாளில் வாழையிலையின் இடத்தைப் பொலித்தீன் தாள் கைப்பற்றியது. 2017 செப்டெம்பரில் அத்தாள் தடைசெய்யப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் ஆண்டளவிற் 94.9 வீதத்தை எட்டியபோது, கடைச்சோறு எட்டாதோர்க்கு வீட்டுப் பொதியே மீண்டும் துணையாயிற்று. இன்று தாமும் உத்தியோகம் பார்க்கும் பெண்டிர், கணவர்க்கும் பிள்ளைகட்கும் கட்டியபின்னரே தமக்கும் கட்டிக்கொண்டு செல்கின்றனர்.

மேற்கூறியவற்றால், கட்டுச்சோறு ஒருவேளை உணவு மாத்திரமன்று, தொலைவு, ஊதியம், ஒழுக்கம், அரசியல் ஆகிய நான்கும் ஒருங்கு பொதிந்த வரலாற்றுச் சான்று என்பது பெறப்படும். கொழும்புத் தமிழர் வரலாற்றை எழுதப்புகுவோர் திணைக்களக் கோவைகளோடு நில்லாது, முதிய அன்னையரை அணுகி அவர்தம் அடுக்களை நினைவுகளையும் கேட்டு எழுதுதல் வேண்டும். அந்நினைவுகள் எழுதப்படாது மறையுமாயின், அவர்தம் உழைப்பு இரண்டாம் முறையும் மறக்கப்பட்டதாகும்.