மொழியறியா இயக்குநரின் பன்முகப் பணி: எல்லிஸ் ஆர். டங்கனின் தமிழ்த் திரைப்படங்கள் (1936–1950)

முன்னுரை

ஹாலிவுட்டின் பன்முக இயக்குநர்களுள் மைக்கேல் கர்ட்டிஸ் குறிப்பிடத்தக்கவர். புடாபெஸ்டில் பிறந்த அவர், தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் சாகசப் படம், இசைப் படம், ‘காசாபிளாங்கா’ (1942) போன்ற காதற்படம் என வெவ்வேறு வகைகளை இயக்கினார். இதற்கு இணையான தமிழ்ச் சான்று எல்லிஸ் ஆர். டங்கன். ஒஹையோ மாநிலத்தில் 1909இல் பிறந்த இவர், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்று, உடன்பயின்ற மாணிக்லால் டாண்டனுடன் 1935இல் இந்தியா வந்தார். தமிழறியாத ஒருவரால் பல்வகைத் தமிழ்ப் படங்களை இயக்க இயன்றது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

படைப்புகளின் வகைமை

டங்கனின் முதற்படமான ‘சதி லீலாவதி’ (1936), எஸ்.எஸ். வாசனின் தொடர்கதையைத் தழுவிய, குடியின் கேட்டைச் சொல்லும் சமூகப்படம், எம்.ஜி.ஆர். திரையில் அறிமுகமானதும் இதில்தான். ‘அம்பிகாபதி’ (1937) இலக்கிய மரபுசார் காதற்கதை. ‘சகுந்தலை’ (1940) புராணப்படம். ‘மீரா’ (1945) பக்திப்படம். பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியம் ‘பொன்முடி’ (1950) ஆயிற்று. குண்டலகேசிக் கதையைத் தழுவிய ‘மந்திரி குமாரி’ (1950), சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் அரச உடைப்படமாகும்.

சொல்லும் காட்சியும்

இப்படங்களில் ஒரு பணிப்பகிர்வு புலப்படுகிறது. ‘அம்பிகாபதி’யில் உரையாடல் இளங்கோவனுடையது, ‘மந்திரி குமாரி’யில் மு. கருணாநிதியுடையது. சொல்லின் பொறுப்பு எழுத்தாளரிடம் அமைய, ஒளியமைப்பு, கோணம், அண்மைக்காட்சி ஆகியவற்றில் டங்கன் கருத்தூன்றினார். ‘மீரா’வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலையொன்றைச் செய்வித்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் ஒளியமைப்பைச் சோதித்தார் என்பது இதற்குத் தக்க சான்று.

‘மந்திரி குமாரி’ உரையாடலால் நினைவுகூரப்படும் படம். எனினும், வஞ்சகக் கணவனை மனைவி மலையுச்சியிலிருந்து தள்ளும் உச்சக்காட்சியின் வலிமை சொல்லில் மட்டும் இல்லை. உயரம், வெளி, உடலசைவு ஆகியவற்றிலும் உள்ளது. இப்படத்தின் இயக்கத்தில் டி.ஆர். சுந்தரத்தின் பெயரும் இடம்பெறுவதால், எந்தக் காட்சி எவருடையது என முற்றாகப் பிரித்தல் பொருந்தாது.

கர்ட்டிஸுக்கு வார்னர் பிரதர்ஸ் என்னும் ஒரே நிறுவனம் நெடுங்காலம் களமாயிற்று. டங்கனோ பல தயாரிப்பாளர்களிடம் பணியாற்றினார். ஆகவே, அவருடைய பன்முகத்தன்மையில் தயாரிப்பாளரின் தேர்வுக்கும் பங்குண்டு.

முடிவுரை

டங்கனை மேலைத் தொழில்நுட்பத்தைக் கொணர்ந்தவராக மட்டும் காண்பது, தமிழ் எழுத்தாளர், நடிகர் ஆகியோரின் பங்கை மறைக்கிறது. உரையாடலாசிரியரை மட்டும் போற்றுவதோ, காட்சிமொழியை மறைக்கிறது. மொழியறியாமை அவரைப் பிறரோடு பகிர்ந்து பணியாற்றச் செய்தது. அப்பகிர்வே அவருடைய பன்முகத்தன்மைக்கு அடித்தளமாயிற்று. எனவே, தொடக்ககாலத் தமிழ்ப் படங்களின் ஆசிரியத்துவத்தை ஒரு பெயருக்குரிய உடைமையாகக் கொள்ளாது, கூட்டுழைப்பின் பதிவாக ஆராய்தலே ஏற்புடையது.