சக்கரக் குதிரைகள்

டிராக்டர் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது, ஆளுயரப் பின்சக்கரத்தோடு வயலைப் புரட்டித் தள்ளும் பெரிய யந்திரம்தான். அமெரிக்காவில் அதற்கு ஒரு தம்பி உண்டு. உயரம் இடுப்பளவுக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். ஏழு, எட்டு, மிஞ்சினால் பதினாறு பதினெட்டுக் குதிரை சக்தி. அதன்மேல் உட்கார்ந்து புல் வெட்டலாம். சிறு கலப்பையைப் பூட்டி உருளைக்கிழங்குப் பாத்தியை உழலாம். குளிர்காலத்தில் முன்புறம் ஒரு பலகையை மாட்டி வாசலில் குவிந்த பனியை ஒதுக்கலாம். இதற்குத் தோட்ட டிராக்டர் என்று பெயர். ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் செய்த இந்தக் குட்டி யந்திரங்களைத் துருவின் வாயிலிருந்து மீட்டு, மறுபடி ஓட வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட மனிதர்கள் அந்தத் தேசத்தில் ஏராளம்.

தபால்தலை சேர்ப்பவரை நாம் புரிந்துகொள்கிறோம். பழைய நாணயம் தேடுகிறவரையும் மன்னித்துவிடுகிறோம். ஆனால் கடைக்குப் போனால் புது வண்டி கிடைக்கும்போது, கொட்டகைக்குப் பின்னால் செடி முளைத்துக் கிடந்த பழைய இரும்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறு மாதம் அதனோடு மல்லுக்கட்டுவானேன்? இந்தக் கேள்விக்கு விடை அந்த யந்திரங்களின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

முதலில் வருகிறவர் ஒரு புகைப்படக்காரர். மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் கிரேவ்லி படம் பிடிப்பதில் ஜீவனம் நடத்தினார். தோட்டம் கொத்துவதில் அலுத்துப்போனார். கையால் தள்ளும் கலப்பை ஒன்றில் பழைய மோட்டார் சைக்கிள் பாகங்களைப் பொருத்தி, தானே நகரும் கலப்பை ஒன்றைச் செய்து, 1916-ல் காப்புரிமை பெற்றார். அந்த மோட்டார் சைக்கிளின் பெயர் 'இந்தியன்'. பெயரைக் கண்டு நாம் பெருமைப்பட வேண்டியதில்லை. அது அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கும் பெயர். 1922-ல் டன்பார் என்ற ஊரில் கிரேவ்லியின் கம்பெனி பிறந்தது. அதன் யந்திரங்களை ஓட்டுகிறவர் பின்னாலேயே நடக்க வேண்டும். உட்கார்ந்து போகும் சுகம் பிறகுதான் வந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று சர்க்கார் சொன்னது. சுமார் இரண்டு கோடி 'வெற்றித் தோட்டங்கள்' முளைத்தன என்று கணக்கு. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் திரும்பினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், வீடு கேட்டார்கள். 1947-ல் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பு, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற ஆயிரக்கணக்கான வீடுகளுடன் எழும்பத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு புல்தரை. அந்தப் புல்லை ஒழுங்காக வெட்டிவர வேண்டும் என்பது வீட்டு நிபந்தனைகளில் ஒன்று! மண்வெட்டியும் மாடும் தெரிந்த தலைமுறையின் பிள்ளைகள், இப்போது புல்லுக்குக் கட்டுப்பட்ட குடித்தனக்காரர்கள் ஆனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் எல்மர் பாண்ட் என்பவரும் அவர் மகன் செசில் பாண்டும் சிறிய டிராக்டர்களைச் செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'வீல் ஹார்ஸ்'. நேராகத் தமிழில் சொன்னால் சக்கரக் குதிரை. ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பல குதிரைகள் பூட்டிய வண்டியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் குதிரைக்கும் அதுதான் பெயர். பெரிய கம்பெனிகள் இதைக் கவனித்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஸ்தாபனம் கென்டக்கியின் லூயிவில் தொழிற்சாலையில் 'கப் கேடட்' என்ற ஏழு குதிரை சக்தி வண்டியை 1960-ல் செய்ய ஆரம்பித்தது. 1963-ல் ஜான் டீர் கம்பெனி '110' என்ற வண்டியைக் கொண்டுவந்தது.

இந்தப் போட்டியாளர்களின் வண்டிகளைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. பலவற்றின் நெஞ்சிலும் துடித்தது ஒரே இதயம்தான்: விஸ்கான்சினைச் சேர்ந்த கோலர் கம்பெனியின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். இந்தக் கோலர் கம்பெனி 1883-ல் ஒரு குதிரைத் தண்ணீர்த் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்து, குளியல் தொட்டியாக விற்றுப் புகழ் பெற்றது. வார்ப்பிரும்பு அவர்களுக்குக் கைவந்த வித்தை. எஞ்சினையும் அதே வார்ப்பிரும்பில் செய்தார்கள். சிலிண்டர் தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டாம். சற்றுக் கடைந்து அகலமாக்கி, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பங்கு பெரிதான பிஸ்டனைப் போட்டுக்கொள்ளலாம். அதாவது, செய்தவர்களே ஆரம்பத்தில் மூன்று மறுபிறவிக்கு இடம் வைத்துச் செய்தார்கள்.

எழுபதுகளுக்குப் பிறகு காற்று மாறியது. புல்லை மட்டும் வெட்டினால் போதும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். மெல்லிய தகட்டில் மலிவான வண்டிகள் வந்தன. கப் கேடட் 1981-ல் கை மாறியது. வீல் ஹார்ஸை 1986-ல் டோரோ கம்பெனி வாங்கியது. பழைய கனத்த வண்டிகள் கொட்டகைக்குப் போயின. சிலவற்றுக்குக் கொட்டகையும் கிடைக்கவில்லை.

அங்கிருந்துதான் நம் பொழுதுபோக்குக்காரர் ஆரம்பிக்கிறார். மழைநீர் இறங்கி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் ஒரு போடு போடலாமென்று கை துடிக்கும், கூடாது. ஸ்பார்க் ப்ளக் துவாரத்தின் வழியே நீர்த்த எண்ணெயை ஊற்றிவிட்டு, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. துருப்பிடித்த பாகங்களுக்கு இன்னொரு வைத்தியம்: ஒரு தொட்டித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பாட்டரி சார்ஜரின் எதிர்முனையோடும், வேறொரு இரும்புத் துண்டை நேர்முனையோடும் இணைத்து மூழ்க வைக்கிறார்கள். துரு தளர்ந்து கழன்று வருகிறது. ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்யலாம். துருவேறா எஃகைத் தொட்டியில் இட்டால் விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஆகவே அனுபவஸ்தர் அதைத் தொடமாட்டார்.

பிறகு மின்பொறி. பாயிண்ட் என்ற இரு சிறு உலோக முனைகள் கறுத்துப்போயிருக்கும். தேய்த்துச் சுத்தம் செய்து, இரண்டுக்கும் நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு இடைவெளி வைக்க வேண்டும். பல வண்டிகளில் கயிறு இழுத்துக் கிளப்புவது கிடையாது. ஒரே மோட்டார்தான் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பிவிட்டு, கிளம்பியபின் அதே மூச்சில் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும். கொடுத்ததைத் திருப்பி வாங்கும் இந்தச் சிக்கனம் பழைய காலத்துக் குடும்பத் தலைவிகளுக்கு மிகவும் பிடித்திருக்கும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது: வர்ணம் அடிப்பதா, வேண்டாமா? அடித்தால் புத்தம் புதிதாகப் பளபளக்கும். ஆனால் முப்பது வருஷம் ஒருவர் ஏறி இறங்கிய இடத்தில் தேய்ந்த தேய்வு, கைப்பிடியில் விரல் பட்டு மங்கிய மங்கல், எல்லாம் ஒரே நாளில் அழிந்துபோகும். இதில் இரண்டு கட்சிகள் உண்டு, சமாதானம் கிடையாது. கம்பெனிகளே இதில் குழம்பியது உண்டு. 1969-ல் ஜான் டீர் தன் குலதெய்வமான பச்சையை விட்டு, வெள்ளை வண்டிக்கு மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என நான்கு நிறத்தில் முகப்புத் தகடு போட்டு விற்றுப் பார்த்தது. வாங்குவாரில்லை. இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்தத் தோல்வியைத்தான்.

இந்தக் குட்டி வண்டிகள் எதற்குத் துணியும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 1994-ல் அயோவா மாநிலத்து லாரென்ஸ் என்ற ஊரில் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்று ஒரு கிழவர், வயது 73. விஸ்கான்சினில் இருந்த அண்ணன் ஹென்றி பக்கவாதத்தால் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. கண் மங்கியதால் இவருக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் இல்லை. பிறர் ஓட்டும் வண்டியில் ஏறவும் மனமில்லை. 1966-ஆம் வருஷத்து ஜான் டீர் புல்வெட்டும் டிராக்டரில் ஏறி, பின்னால் ஒரு இழுவண்டியைப் பூட்டிக்கொண்டு, மணிக்கு சுமார் ஐந்து மைல் வேகத்தில் புறப்பட்டார். வழியில் வண்டி பழுதாயிற்று, செப்பனிட்டுக்கொண்டார். கைப்பணம் தீர்ந்தது, பணம் வரும்வரை காத்திருந்தார். சுமார் 240 மைல், ஆறு வாரம். அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். நான் இதைக் கதையாக எழுதினால், நம்பும்படி இல்லை என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். 1999-ல் டேவிட் லிஞ்ச் இதைச் சினிமாவாக எடுத்தார்.

அந்த வண்டி நடுவழியில் நின்றபோது அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இப்போது வரும் பெரிய டிராக்டர்களில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. சொந்தக்காரர் கையில் ஸ்பானர் இருந்தாலும், கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் சில பழுதுகளைச் சரிசெய்ய முடியாது. இதற்காக விவசாயிகள் போராடினார்கள். பழுதுபார்க்கத் தேவையான குறிப்புகளையும் கருவிகளையும் சொந்தக்காரருக்குத் தரவேண்டும் என்று 2023-ல் கொலராடோ மாநிலம் சட்டம் செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் டீர் கம்பெனிமேலேயே வழக்குத் தொடர்ந்தது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நீதிமன்றம் ஏறிவிட்டது.

கொட்டகையில் பழைய கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருப்பவர் இந்த வழக்கைப் பற்றி நினைக்காமலும் இருக்கலாம். ஆனால் அவர் காப்பாற்றுவது வெறும் இரும்பை அல்ல. ஒரு பொருளைத் திறந்து பார்க்கலாம், புரிந்துகொள்ளலாம், திரும்ப மூடினால் அது ஓடும் என்ற நம்பிக்கையைக் காப்பாற்றுகிறார். இவர்களில் பலர், சிறு வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து இந்த வண்டியில் போனவர்கள். இப்போது அவர்களுக்கே வயதாகிவிட்டது. வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். ஆயிரத்தில் இருபது பங்கு இடைவெளியை விரல் நுனியால் உணரும் வித்தையைப் பத்திரத்தில் எழுதி வைக்க முடியாது. பக்கத்தில் ஒரு பேரன் நின்று ஸ்பானரை எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.