முன்னோர் சொல் கற்பித்த முறை

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் குடியேறி வாழும் நம் காலனிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அடுக்களைக்கும் கூடத்திற்கும் வேண்டிய சொற்களே அவர்கள் கைவசம் உள்ளன. அவற்றைக் கடந்து ஒரு கருத்துத் தோன்றுமாயின், இந்திச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ முந்திக்கொள்கிறது. இளஞ்சிறார்க்குச் சொல்வளம் ஊட்டுவது எவ்வாறு என்னும் வினா புதியதன்று. நம் முன்னோர் அதற்குக் கண்ட வழியை அறிதல் நமக்குப் பயன் தரும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகிய சிறுவன், ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றை முடித்தபின் நிகண்டை மனப்பாடம் செய்வான். நிகண்டு என்பது செய்யுளால் அமைந்த சொற்றொகுதி. திவாகரமும் பிங்கலந்தையும் நூற்பாக்களால் ஆனவை. 16ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டோ விருத்தப்பாவால் ஆனது. ஓசை இன்பத்தால் எளிதில் நெஞ்சில் நின்றமையின், மாணாக்கரிடையே அது பெரிதும் வழங்கிற்று. அதன் 12 தொகுதிகளுள் முதற்பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் பெயர்களைத் தொகுத்துரைக்கும். 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். பின்னர், 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகரவரிசையில் தேடிக் காணும் வழியைப் பெருக்கினார்.

இங்ஙனம் சொற்களை நெட்டுருச் செய்தல் மட்டும் போதுமோ எனின், போதாது. ஒரு பொருளுக்குப் பல சொற்கள் உண்டென நிகண்டு காட்டும். எவ்விடத்தில் எச்சொல் பொருந்தும் என்பதை அது கற்பிக்காது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒன்றைத் தருமாறு கேட்கும் சொற்களே. ஆயினும், தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும்போது ‘ஈ’ என்றும், ஒத்தோன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கூறுவர் எனத் தொல்காப்பியர் வகுத்தார். தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடுத்தல் படர்க்கைக்கு உரியது என்பதும் அவர் கூறிய மரபே. ‘எனக்குத் தா, அவனுக்குக் கொடு’ என்று பாட்டிமார் பேசும் பேச்சில் அம்மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது.

இத்தகைய நுண்மை நூல்களைப் படிப்பதனாலேயே கைவரும். 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடம் கேட்டார். அத்துணை நூல்களைக் கற்ற அவரும், சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது சமண சமயச் சொற்கள் பல விளங்காமல் தயங்கினார். கும்பகோணத்துச் சமண அன்பர்களின் இல்லத்திற்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். அவர்களோ அந்நூலைத் தம் சமயத்தின் பெருநூலாக வழிவழியே படித்துப் போற்றி வந்தவர்கள். அந்நூல் 1887இல் அச்சேறியது. ஒரு நூலை வீட்டில் வைத்துப் படிப்போர் உள்ளவரையில் அதன் சொற்கள் மாயா என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சூடாமணி நிகண்டை உரையுடன் பதிப்பித்தார். சிறுவர்க்கெனப் பாலபாடங்களை எளிய உரைநடையில் எழுதி, படிப்படியாக உயர்த்திச் சென்றவரும் அவரே. நிகண்டை நன்கறிந்த அப்பெரியார், பிள்ளைகளின் கையில் படிக்கும் நூலையும் கொடுத்தல் வேண்டும் எனக் கருதினார் என்பது இதனால் புலனாகும்.

இன்று நம் பிள்ளைகளை நிகண்டு முழுவதையும் ஓதச் சொல்லுதல் இயலாது. ஆனால், நாள்தோறும் மாலையில் ஒரு பக்கம் தமிழை உரக்கப் படிக்கச் செய்தல் எவ்வீட்டிலும் இயலும். ‘அரும்பு’ என்னும் சொல் வந்தால், மொட்டு, முகை, மலர், வீ என்பவற்றையும் உடன் கூறுக. ஆசிரியர் மலர் என்னாது அரும்பு என்றது ஏன் எனக் குழந்தையையே வினவுக. விடை கூற முயலும் குழந்தை சொல்லைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது. ஊர் தொலைவில் இருப்பினும், நம் இல்லங்களில் தமிழ் பேச்சளவில் குன்றாது வளர்வதற்கு இப்பழக்கம் துணை செய்யும்.