பூனாகலைக்கு வந்த அன்னக்கிளி

1976 மே 14இல் தமிழ்நாட்டில் ‘அன்னக்கிளி’ வெளியானது. கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் தேவராஜ் - மோகன். பாட்டு பஞ்சு அருணாசலம். இசை, அதுவரை யாரும் கேள்விப்படாத இளையராஜா. முதல் பாட்டைப் பதியத் தொடங்கியதுமே கரண்ட் போனதையும், அபசகுனம் என்று சிலர் முகம் சுளித்ததையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இலங்கை மலையகத்தில் கரண்டே வராத எங்கள் தோட்ட லயங்களுக்குத்தான் அந்தப் பாட்டு அடுத்து வந்து சேர்ந்தது.

படம் எங்களை எட்டவில்லை, பாட்டுத்தான் வந்தது. வழி, இலங்கை வானொலி. 1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிய நாள் முதல் தமிழ்நாடும் கொழும்புக்கே காது கொடுத்திருந்தது. சென்னையில் பதிந்த இசைத்தட்டு கடல் தாண்டி கொழும்புக்கு வந்து, காற்றில் ஏறி மறுபடி தமிழ்நாட்டுக்கே போனது. போகிற வழியில் பண்டாரவளைக்கு மேலே ஏறி, பூனாகலையிலும் கேட்டது.

எங்கள் லயத்தில் கடைசி வீடான தொங்கக் காம்பிராவில் மட்டும் ரேடியோ இருந்தது. பேட்டரி தளர்ந்தால் வெயிலில் காயவைத்துப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதன் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், கூட்டம் கூடும். எஸ். ஜானகி இழுத்துப் பாடியதைக் கேட்டுவிட்டு அப்பாயி சொன்னார்: “இது நம்ம கொழுந்து மலையில பாடுறதுதானே? இதுக்கு எதுக்குடா பேட்டரி?” திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறிய பெண்கள் அந்த மெட்டில் தங்கள் சொல்லைப் போட்டுப் பாடினார்கள். கங்காணியும் அதில் அகப்பட்டார்.

பாட்டு வந்த காலம் லேசானதல்ல. 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதிவைத்திருந்தது. பாட்டில் வரும் கிராமத்தை ஒருநாளும் பார்த்திராதவர்கள், அதுதான் சொந்த ஊர் என்று சொல்லப்பட்டு அழுகைக் கோச்சி என்று பெயர்பெற்ற ரயிலில் ஏறினார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் கரை, மண்டபத்தில் முகாம்.

எங்கள் சித்தப்பா குடும்பம் போனது கோத்தகிரிப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கும் லயம், அங்கும் கொழுந்து. அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் ‘சிலோன்காரர்கள்’. அந்த மலைக்குக் கீழே இருக்கும் தெங்குமரஹாடாவில்தான் ‘அன்னக்கிளி’ எடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குப் போன பிறகே தெரிந்தது. ஊருக்கு வந்தவர் ஒருவர் கையில் சித்தப்பா அந்தப் படத்தின் கேசட்டைக் கொடுத்தனுப்பினார். பாட்டு இரண்டாம் தடவையாகப் பூனாகலைக்கு வந்தது. தீபாவளிக்கு வாடகை டிவியும் டெக்கும் தோட்டத்துக்கு வரத் தொடங்கிய பிறகுதான் படத்தைப் பார்த்தேன். அதற்குள் எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

இளையராஜா நாட்டுப்புற இசையைத் திரைக்குக் கொண்டுவந்தார் என்று எழுதுகிறோம், உண்மைதான். கோப்பித் தோட்டக் காலம் தொட்டு அதே இசையைக் கூடையோடு சுமந்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று ஒரு தொகுப்பைத் தந்தார், ஆனால் ஏட்டில் சொல்தான் தங்கும், மெட்டுத் தங்காது. மெட்டுத் தெரிந்த கிழவிகள் தோட்டங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கையில் போன் உள்ளவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள்.