வேதசாட்சியும் அரசும்: யாழ்ப்பாணப் புனிதர் வரலாறுகள் பற்றி ஒரு குறிப்பு

புனிதர் வரலாறுகளைப் பக்தர்களின் கற்பனையென ஒதுக்குவதும், அவற்றை எழுத்துக்கெழுத்து வரலாறாகக் கொள்வதும் பொருந்தாதவை. அவை குறிப்பிட்ட காலத்தின் அதிகார உறவுகளிடையே தோன்றியவை. யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய இரு வரலாறுகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து இவ்வுண்மை புலப்படும்.

முதலாவது, மன்னார் வேதசாட்சிகள் பற்றியது. மன்னார் மக்களின் அழைப்பையேற்றுப் பிரான்சிஸ் சவேரியார் தம் சார்பில் ஒருவரை அனுப்பினார். அவர்பால் ஞானஸ்நானம் பெற்ற ஏறத்தாழ 600 பேர் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர் என்பது திருச்சபை மரபு. அம்மரபு சங்கிலியைக் கொடுங்கோலனாகக் காண்கிறது. பின்வந்த தேசியவாத எழுத்தோ அவனை அந்நியரை எதிர்த்த வீரனாகப் போற்றுகிறது. ஆயின், முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் மதம் மாறியபோது போர்த்துக்கேய முடியின் பாதுகாப்பையும் உடன்பெற்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அச்சூழலில் ஞானஸ்நானம் குடிகளின் அரச விசுவாசத்தையும் கைமாற்றுவதாயிற்று. கடல்வளம் யாருக்கு என்ற வினாவும் அதனோடு பிணைந்திருந்தது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியமை இதனை உறுதிசெய்கிறது. கொல்லப்பட்ட மக்களோ இருதரப்பு எழுத்திலும் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்.

இரண்டாவது, யோசேவ் வாஸ் அடிகளாரின் வரலாறு. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் கத்தோலிக்கம் ஆள்வோரின் மதமாயிற்று. மதம் மாறியோர் எல்லோரும் விசுவாசத்தால் மாறினர் எனல் இயலாது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாருக்கு அடைக்கலமளித்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. அரசின் துணையையும் குருமாரையும் இழந்தபின்னரும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சமயத்தைக் காத்துவந்தோர் சாதாரண மக்களே.

1687இல் வாஸ் அடிகளார் எளிய கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். அவர் கோவாவில் பிறந்த பிராமணக் கத்தோலிக்கர். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியருக்குப் பெரும்பாலும் கதவடைத்திருந்த காலத்தில், இந்தியக் குருமாரைக்கொண்ட ஒரட்டோரியன் சபையைச் சார்ந்து அவர் பணியாற்றினார். ஐரோப்பியக் குருவொருவர் நுழைந்தால் உடனே இனங்காணப்பட்டிருப்பார். வாஸ் அடிகளாரை மறைத்தவை அவரது நிறமும் கந்தலுடையுமேயாகும். திருச்சபையின் நிறவேற்றுமை தாழ்வாகக் கருதியதே அதன் மீட்புக்கு வழியாயிற்று என்பது வரலாற்றின் முரண். சில்லாலை மக்கள் உயிருக்கு அஞ்சாது அவரை மறைத்துவைத்தனர். பின்னர் கண்டி இராச்சியத்தை அடைந்த அவர் 1711இல் அங்கு மறைந்தார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

அவர் தியாகம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிடிபட்டிருப்பின் சில்லாலைக் குடியானவரும் அதே தண்டனையை ஏற்றிருப்பர். அவருடன் வந்த பணியாள் ஜோனும் பசியையும் ஆபத்தையும் பங்கிட்டுக்கொண்டவரே. எனினும், தனிமனிதரை மையமாகக் கொள்ளும் புனிதர் வரலாற்றில் இவர்கள் துணைப்பாத்திரங்களாகவே அமைகின்றனர். மன்னாரில் எண்ணிக்கையாகச் சுருங்கிய மக்கள், சில்லாலையில் ஓர் ஊர்ப்பெயராகச் சுருங்கினர்.

ஆதலின் இவ்வரலாறுகளைப் புறக்கணித்தல் நமது பணியன்று. பீடத்தில் நிற்கும் ஒருவரின் கதைக்குள், இரவில் கதவைத் திறந்துவிட்ட பலரைத் தேடிக் காண்பதே நமது பணி.