கேரளக் கால்பந்து ரசிகர் மோதல்: ஆபத்து எதிரணியிடமா, கேலரியிடமா? – ஒரு பார்வை

கல்லாறு (திருவனந்தபுரம்): உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நெருங்கும் ஒவ்வொரு முறையும் கேரளத்தின் சாலையோரங்கள் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் பங்கு பிரிக்கப்பட்டுவிடுகின்றன. பொன்முடி மலைச்சாலையில் உள்ள கல்லாறு முதல் தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் கடற்கரை வரை, திருவனந்தபுரம் மாவட்டமும் இதற்கு விலக்கன்று. ஒரு தரப்பு பதாகை வைத்தால் மறுதரப்பு அதைவிட ஓர் அடி உயரமாக வைக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. 2022-ல் கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்குப் பிரம்மாண்ட கட்அவுட் எழுந்தது. அதைவிட உயரமாக நெய்மாரின் உருவமும், பின்னர் ரொனால்டோவின் உருவமும் எழுந்தன. அந்தப் படத்தைச் சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவே தனது சமூக வலைதளப் பக்கத்தில் பகிர்ந்தது.

அதே ஆண்டில் இந்த வேடிக்கை அடிதடியாகவும் மாறியது. போட்டி தொடங்கிய நவம்பர் 20 அன்று கொல்லம் மாவட்டம் சக்திகுளங்கராவில் பேரணி சென்ற இரு தரப்பு ரசிகர்களும் நடுச்சாலையில் மோதிக்கொண்டனர். டிசம்பர் 18 அன்று இறுதிப் போட்டியில் அர்ஜென்டினா வென்ற இரவில், கண்ணூர் பள்ளியான்மூலையில் ஏற்பட்ட தகராறில் மூவர் கத்தியால் குத்தப்பட்டனர். கொச்சியில் காவலர்கள் தாக்கப்பட்டனர். பொழியூரில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முயன்ற காவல் உதவி ஆய்வாளர் காயமடைந்தார். சந்தோஷ் கோப்பையில் ஆடிய வீரர்கள் பலரைத் தந்த ஊர் என்பதே பொழியூரின் பெருமை என்பது குறிப்பிடத்தக்கது.

கிளப் அணிகளுக்கிடையிலான பகை வேறு வகையானது. 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி உருவானபோதே அதன் ரசிகர் அமைப்பான ‘மஞ்ஞப்படா’வும் உருவானது. பெங்களூரு எஃப்.சி. அணிக்கு ‘வெஸ்ட் பிளாக் புளூஸ்’, சென்னையின் எஃப்.சி. அணிக்கு ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’ எனத் தென்னிந்தியாவின் மற்ற இரு அணிகளுக்கும் இத்தகைய அமைப்புகள் உண்டு. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையிலான இந்தப் போட்டி பெரும்பாலும் பாட்டிலும், கேலிப் பதாகையிலும், இணையவழி வசையிலுமே நிகழ்கிறது.

அது உச்சம் தொட்ட நாள் 2023 மார்ச் 3. பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். நாக்-அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், எதிரணியினர் தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீகிக் அடித்துக் கோல் போட்டார். நடுவர் அதை ஏற்றார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தமது வீரர்களை மைதானத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்றுவிட்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடையும் விதித்தது. சேத்ரியும் அவரது குடும்பத்தினரும் சமூக வலைதளங்களில் வசைமாரிக்கு உள்ளாயினர். எனினும், மைதானத்துக்குள் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

கொல்கத்தாவில் நிலைமை அவ்வாறு இருந்ததில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இரு அணிகளிலும் தலா ஒரு வீரர் வெளியேற்றப்பட்டதையடுத்து பார்வையாளர் பகுதியில் கலவரம் மூண்டது. நெரிசலில் சிக்கி 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே பகுதியில் கலந்து அமர்த்தப்பட்டிருந்தனர் என்பதே பின்னர் பெரிதும் பேசப்பட்டது. 2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் மைதானத்தில் இவ்விரு அணிகளின் ஆட்டத்தில் கல்வீச்சு நிகழ்ந்து, மோகன் பகான் வீரர் ரஹீம் நபி காயமடைந்தார். இடைவேளைக்குப் பின் ஆட வர மறுத்த மோகன் பகானுக்குத் தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 2 கோடி ரூபாய் அபராதமாக மாற்றப்பட்டது. 2024 அக்டோபரில் கொல்கத்தாவில் முகமதன் அணியைப் பிளாஸ்டர்ஸ் 2-1 என வென்றபோதும், பார்வையாளர் பகுதியிலிருந்து பொருட்கள் வீசப்பட்டதால் ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் பொஹீமியன்ஸ் – ஷாம்ராக் ரோவர்ஸ் அணிகளின் ரசிகர்களிடையே தலைமுறை கடந்த பகை உண்டு. அங்கு புகைக்குச்சி கொளுத்தினாலும் மைதானத்துக்குள் இறங்கினாலும் அபராதம் கட்ட வேண்டியது கிளப்தான். எதிரணி ரசிகர்களைத் தனிப் பகுதியில் அமர்த்துவது வழக்கமான ஏற்பாடு.

ஆனால் அந்த ஏற்பாடு மட்டும் போதாது என்பதை இந்தோனேசியா காட்டியது. 2022 அக்டோபர் 1 அன்று மலாங் பகுதியின் கஞ்சுருஹான் மைதானத்துக்குள் எதிரணியான பெர்செபயாவின் ரசிகர்கள் அனுமதிக்கப்படவே இல்லை. சொந்த அணியான அரேமா 3-2 எனத் தோற்றதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினர். காவல்துறை கண்ணீர்ப் புகைக் குண்டுகளை வீசியது. வாயில்களை நோக்கி ஓடியவர்களில் 135 பேர் நெரிசலில் உயிரிழந்தனர்.

கேரளத்திலும் பெருந்தொகையான ரசிகர்கள் காயமடைந்த நிகழ்வுகளில் எதிரணிக்குப் பெரும்பாலும் பங்கில்லை. அவை ‘செவன்ஸ்’ எனப்படும் எழுவர் கால்பந்து நடக்கும் ஊர்ப்புறத் திடல்களில் நிகழ்ந்தவை. மலபாரில் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கி மே மாதம் வரை நீளும் இப்போட்டிகளுக்குப் பள்ளித் திடலிலோ அறுவடை முடிந்த வயலிலோ தற்காலிக கேலரி கட்டப்படுகிறது. அது தாங்கும் எண்ணிக்கைக்கும் வந்து ஏறும் எண்ணிக்கைக்கும் தொடர்பிருப்பதில்லை.

முன்னாள் வீரர் ஆர். தனராஜன் 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்து உயிரிழந்தார். அவரது குடும்பத்துக்கு நிதி திரட்ட 2020 ஜனவரி 19 அன்று பாலக்காடு நூரணி திடலில் காட்சிப் போட்டி ஏற்பாடானது. பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தனர். ஆட்டம் தொடங்குமுன் தற்காலிக கேலரி சரிந்து சுமார் 50 பேர் காயமடைந்தனர். இறந்தவரின் குடும்பத்துக்கு உதவ வந்த கூட்டம் அது. அங்கே வெறுப்பதற்கு எதிரணியே இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2022 மார்ச் 19 இரவு, மலப்புரம் மாவட்டம் வண்டூர் அருகே பூங்கோட்டில் செவன்ஸ் இறுதி ஆட்டத்தின்போது கொள்ளளவை மீறி நிரம்பியிருந்த கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தனர். 2025 பிப்ரவரி 18 அன்று அதே மாவட்டத்தின் அரீக்கோடு அருகே ஆட்டத்துக்கு முன் கொளுத்தப்பட்ட வாணவெடிகள் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் 30-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். முந்தைய ஆண்டு அதே வட்டாரத்தில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர், நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டுத் தாக்கப்பட்டதாகக் காவல்துறையில் புகார் அளித்திருந்தார். அந்த நிகழ்வு மட்டும் கேலரிக் கணக்கில் சேராது. அது ரசிகர்களின் கணக்கு.

2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை கொச்சியில் நடந்தபோது, ஆபத்து நேர்ந்தால் பார்வையாளர்கள் விரைந்து வெளியேற இடமிருக்க வேண்டும் எனக் கருதி, 60,000 பேர் வரை அமர்ந்து பார்த்த கலூர் மைதானத்தில் சுமார் 29,000 பேருக்கு மட்டுமே ஃபிஃபா அனுமதி அளித்தது. பாதிக்கு மேற்பட்ட இருக்கைகள் காலியாக விடப்பட்டதில் ரசிகர்கள் அப்போது பெரிதும் ஏமாற்றமடைந்தனர்.