மூலையில் இரு கால்கள்

பத்திரிகையின் முதற்பக்கத்தை அமைத்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு செய்தி பெரிதா சிறிதா என்பதை அது வைக்கப்படும் இடமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. போர்க்காலத்து இரவுப்பணியொன்றில், மரணச் செய்தியொன்றை ஒற்றைப்பத்தியாகச் சுருக்கிப் பக்கத்தின் அடியில் இட்டவன் நான். அதற்கு மேலே திறப்புவிழாப் படமொன்று நான்கு பத்திகளுக்கு விரிந்திருந்தது. பிளெமிய ஓவியர் பீட்டர் புரூகலின் பெயரோடு அறியப்படும் 'இக்காரஸின் வீழ்ச்சியுடன் கூடிய நிலக்காட்சி'யைக் காணும்போதெல்லாம் அந்தப் பக்கம் நினைவுக்கு வருகிறது.

கதை கிரேக்கத் தொன்மம். இறகும் மெழுகும் கொண்டு தந்தை டெடலஸ் செய்த சிறகுகளால் கிரீட் தீவிலிருந்து தப்பிப் பறந்த இக்காரஸ், சூரியனை நெருங்கினான். மெழுகு உருகிக் கடலில் வீழ்ந்து மாண்டான். இதை வரையும் எவரும் வீழ்பவனையே நடுவில் வைப்பர். இங்கோ முன்னணியில் பெரிதாக நிற்பவன் ஓர் உழவன். நீலமும் பச்சையும் பரவிய காட்சியில் அவனது சிவப்புச் சட்டையே கண்ணை முதலில் இழுக்கிறது. இடப்புறம் நிலத்தின் கனம். அதை ஈடுசெய்ய வலப்புறம் பாய் புடைத்த கப்பல். அந்தக் கப்பலுக்கும் கரைக்கும் இடையில்தான், நீருக்கு மேலே இரண்டு வெற்றுக் கால்கள். சில இறகுகள். அவ்வளவே.

ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் காவியத்தில் உழவனும் இடையனும் தூண்டிற்காரனும் வானில் பறப்போரைக் கண்டு, தேவர்களோ என வியக்கின்றனர். ஓவியர் அம்மூவரையும் விடாமல் கொண்டுவந்து, மூவரின் பார்வையையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார். உழவன் மண்ணைப் பார்க்கிறான். தூண்டிற்காரன் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தும் தன் தொழிலிலேயே இருக்கிறான். இடையன் கடலுக்கு முதுகு காட்டி வெறும் வானத்தை நோக்குகிறான். இதே காட்சியின் இன்னொரு பிரதியில் அவ்வானத்தில் டெடலஸ் பறக்கிறார். அங்கே இடையனின் பார்வைக்குக் காரணம் இருக்கிறது. ஓர் உருவம் நீங்கியதும் அதே பார்வை வேறு பொருள் தருவதைக் கவனியுங்கள்.

பிரசெல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகம் 1912 இல் வாங்கிய இவ்வோவியம், 1569 இல் மறைந்த புரூகலின் தொலைந்துபோன மூலமொன்றின் பிரதி என்பதே இன்று ஆய்வாளர் பலரின் கருத்து. ஆயினும் அமைப்பு அவருடையதே என நம்ப இடமுண்டு. அதே அருங்காட்சியகத்திலுள்ள அவரது 'பெத்லகேமில் குடிமதிப்பு' (1566) ஓவியத்திலும், பனி மூடிய ஊரின் சனநெரிசலுக்குள் மரியாளையும் யோசேப்பையும் நாம் தேடித்தான் காணவேண்டும்.

ஆனால் நான் செய்ததும் அவர் செய்ததும் ஒன்றல்ல. நான் சிறிதாக்கியது வாசகர் கடந்துபோவதற்காக. அவர் சிறிதாக்கியதோ நாம் தேடுவதற்காக. தலைப்பை மறைத்துவிட்டால் அது வெறும் உழவுக்காட்சி. தலைப்பைப் படித்தவரோ அந்தக் கால்களைக் காணும்வரை ஓவியத்தை விட்டு நகரமுடியாது.

இன்னொன்றும் உண்டு. இடப்பக்க ஓரத்தில், உழவனின் குதிரை செல்லும் திசையிலுள்ள புதருக்குள், இறந்து கிடக்கும் முதியவர் ஒருவரின் தலை தெரிகிறது. தலைப்பு அவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இவ்வோவியத்தின் அச்சுப்படியைப் பல ஆண்டுகள் மேசையருகே வைத்திருந்தும் அவரை நான் கண்டதில்லை. ஒரு நூலில் படித்த பின்னரே தேடிப் பார்த்தேன்.